தாத்தா பெரட்டுக்குப் போன காலை

வவுனியா பஸ் நிலையத்தில், பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒரு கிழவரை முதுகுப்பக்கமாகக் கட்டிப்பிடித்து, "தாத்தா, தாத்தா" என்று நான் அழுதிருக்கிறேன்.

போன கிழமை இந்தத் தொடரில் வந்த, என் கலியாணத்தில் வேட்டி அவிழ்ந்த கதையை வாசித்துவிட்டு, என் கடைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த ஒரு வாத்தியார், "இதைவிட மானங்கெட்ட கதை உம்மட்டை இல்லையோ?" என்று கேட்டார். இருக்கிறது சேர். இதுதான்.

அந்தக் கிழவர் கத்தவில்லை, உதறவுமில்லை. தோளில் ஒட்டியிருந்த என் கண்ணீரையும் மூக்குநீரையும் துவாயால் துடைத்துவிட்டு மெல்லத் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நான் உம்மட தாத்தா இல்லை," என்றார். "ஆனா ஒரு தேத்தண்ணியும் வடையும் வாங்கித் தந்தா யோசிக்கலாம்."

கியூவில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்ற நாளென்றால் அப்படிப்பட்ட ஒரு மனிதரை நான் விட்டிருக்கமாட்டேன். புளியங்குளத்துக்குக் கூட்டிவந்து என் கடை வாங்கில் இருத்தியிருப்பேன். அன்றைக்கு வடைக்காரனுக்குக் கையைக் காட்டிவிட்டு, பஸ் பஸ்ஸாக எட்டிப் பார்த்தேன். காரணம், என்னுடைய சொந்தத் தாத்தாவை விடிந்ததிலிருந்து காணவில்லை.

தாத்தாவின் பெயர் ராமையா. அப்போது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. உடம்பு கம்பு மாதிரி நேராக இருந்தது. புத்திதான் கொஞ்சக் காலமாக வீட்டுக்கும் வெளியிலுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. காலையில் என் மனைவி சாந்தி தேத்தண்ணியோடு போய்ப் பார்த்தால் கட்டில் வெறுமை. பின்கதவு திறந்தபடி.

அவர் நாளுக்கு நாலு தரம் "ஊருக்குப் போகணும்" என்று சொல்லுகிறவர். ஆகவே மலைநாட்டு பஸ்ஸில் ஏறப் போயிருப்பார் என்று நான் முடிவு கட்டினேன். "முதல்ல அக்கம்பக்கம் தேடுங்கோ," என்று சாந்தி பின்னால் ஓடிவந்து சொன்னாள். நான் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு மூளையைத் தொந்தரவு செய்வதில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் பறந்துவிட்டேன்.

கோவா மூட்டைக்குக் கீழே

தாத்தா எந்த ஊரைச் சொன்னார் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவருக்கு ஊர் ஒன்றல்ல.

இந்தியாவில் எங்கோ ஒரு வறண்ட கிராமத்தில் பிறந்து, தாயின் இடுப்பில் இருந்தபடி கப்பலேறி வந்தவர். பிறகு மலை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, கவ்வாத்து வெட்டுவதில் பெயரெடுத்தவர். கவ்வாத்து என்றால், முற்றிய தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு, மேசை மாதிரி ஒரே மட்டமாக வெட்டிவிடுவது. மட்டம் பிசகினால் கங்காணி விடமாட்டான்.

அதற்குப் பிறகு ஒரு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். மரக்கறி லொறி ஒன்றில், கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குக் கீழே படுத்துக்கொண்டு குடும்பம் வன்னிக்கு வந்தது. நான் அப்போது கைக்குழந்தை. வழியில் எங்கெல்லாம் லொறியை மறித்தார்களோ அங்கெல்லாம் தாத்தா தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாராம். அன்றைக்குப் பொத்தின வாயை நான் பிறகு ஒருநாளும் மூடவில்லை என்பது சாந்தியின் கருத்து.

தாத்தா அதற்குப் பிறகு கோவா சாப்பிட்டதில்லை. சாந்தி வீட்டுக்கு வந்த புதிதில், பாவம், தெரியாமல் ஒருநாள் கோவா வறை வைத்துவிட்டாள். வாசம் குசினியிலிருந்து வந்ததும் தாத்தா எழும்பி வெளியே போனார். பொழுது படும்வரை வேலியோரம் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ஏனென்று அவள் கேட்டதற்கு, "சும்மா காத்தாட நிக்கிறேம்மா," என்றார். காற்று ஒரு சொட்டும் இல்லை.

வன்னியில் இறங்கியபோது அவரைப் பயமுறுத்தியது காடல்ல. பாம்புமல்ல, யானையுமல்ல. இந்த நிலம் தட்டையாக இருந்ததுதான். "ஓடி ஒளியறதுக்கு ஒரு மேடுகூட இல்லையேடா," என்று வந்த அன்றைக்கே என் அப்பாவிடம் சொன்னாராம். அப்படிச் சொன்ன மனிதர்தான் அந்தத் தட்டை நிலத்தில் காடு வெட்டிக் கிணறு தோண்டி எங்களை வளர்த்தார். சண்டைக்குள் என் அப்பா செத்துப்போன பிறகு, அப்பாவாகவும் அவரே இருந்தார்.

கடைசிச் சண்டையில் முள்ளிவாய்க்கால் வரைக்கும் எங்களோடு நடந்தார். தோட்டத்தில் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டிப் பழகிய கை. மணல் சரியாமல் பங்கர் வெட்ட அவரைப் போல் ஆளில்லை. அந்த வயதிலும் சனம் வந்து கூட்டிக்கொண்டு போகும். அந்தக் குழிகளுக்குள் நாங்கள் இருந்ததைப் பற்றி இந்தத் தொடரில் நான் எழுதுவதாக இல்லை. எனக்கு அதில் ஒரு பகிடியும் இன்னும் கிடைக்கவில்லை.

கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டை

பஸ் நிலையத்தில் அந்தக் கிழவர் வடைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சாந்தி.

"எங்கை நிக்கிறியள்?"

"வவுனியாவிலை. பஸ் ஸ்ராண்டிலை."

"அங்கை என்ன செய்யிறியள்? தாத்தான்ரை வெள்ளைச் சட்டை இஞ்சை கொடியிலை கிடக்கு."

"கிடந்தா?"

"கிடந்தாவோ? ஊருக்குப் போறதெண்டா அந்தச் சட்டை இல்லாமல் அவர் படலையைத் தாண்டுவாரே? செருப்பும் கிடக்கு. இஞ்சருங்கோ, பின்பத்திக் கொட்டிலுக்கை இருந்த உரப்பை ஒண்டைக் காணேல்லை. காட்டுக்கத்தியும் இல்லை."

போனைக் காதில் வைத்தபடியே மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தேன்.

உரப்பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளி மடித்தால், தலையிலிருந்து முதுகுவரை மூடும் ஒரு குல்லா வரும். மலையில் மழைக்குள் வேலைக்குப் போகிறவர்கள் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். வன்னியில் மழை பெய்து எத்தனையோ மாதம். எங்கள் கிணற்றில் தண்ணீரைவிடத் தவளைதான் அதிகம். இந்த வெயிலில் ஒருவர் உரப்பையை மடித்துத் தலையில் போட்டால், அவர் ஊருக்குப் போகவில்லை. ஊரில்தான் இருக்கிறார். வேலைக்குப் போகிறார்.

தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரும் முதலில் போவது பெரட்டுக்களத்துக்கு. ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து விடுகிற இடம். தாத்தாவின் தோட்டத்தில் அது லயத்துக்கு மேலே, ஏற்றத்தில் இருந்தது. வீட்டுக்கு வருவதென்றால் இறக்கம், வேலைக்குப் போவதென்றால் ஏற்றம். அவருடைய கால்களுக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் பற்றையும். ஏறக்கூடிய ஒரே இடம் குளக்கட்டு. அந்தக் கட்டு போய் முடிகிற மூலையில், தண்ணீர் வழிகிற வான் தாண்டியதும், மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள் நிற்கின்றன. சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் கண்ணிவெடி எடுத்து முடியாத துண்டு அது. மாடு போனால்கூட எங்கள் சனம் பின்னால் போகாது.

"சாந்தி," என்றேன், "குளக்கட்டுக்கு ஓடு. வான் பக்கம்."

 மறுபக்கத்தில் அவள் ஓடத் தொடங்கிய மூச்சு கேட்டது.

நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது பின்னால் அந்தக் கிழவர் கூப்பிட்டார்: "தம்பி, வடை?"

கங்காணி வேசம்

வவுனியாவிலிருந்து புளியங்குளம் பெரிய தூரமில்லை. அன்றைக்கு பாதி வழியில் இருக்கும் ஓமந்தையே வரமாட்டேன் என்றது.

எனக்கு ஒரு சத்தத்துக்குத்தான் பயம். அவ்வளவு தூரத்திலிருந்து அது கேட்காது என்று தெரியும். என்றாலும் காது அதைத்தான் தேடிக்கொண்டு போனது. முன்னால் போன லொறி ஒரு பள்ளத்தில் விழுந்து, பின்பலகை 'டமார்' என்று அடித்தது. நான் ரோட்டை விட்டு இறங்கிப் புல்லுக்குள் நின்றேன்.  ஹெல்மெட்டுக்குள் நான் யாரிடமோ ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளையாரிடம் என்று நினைக்கிறேன். முறிகண்டியில் தேங்காய் உடைப்பதாகச் சொன்னேன். பிறகு பத்தாது என்று மூட்டையாக மாற்றினேன்.

இந்த இடத்தில் கங்காணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தாத்தாவின் காலத்துக் கங்காணி ஒரு குண்டு மனிதன். கறுப்புக் கோட்டும் கையில் பிரம்புமாக நிற்பானாம். அவன் குரல் அடுத்த மலைக்குக் கேட்குமாம். வேலையில் சின்னப் பிழை என்றாலும் "அரைப் பேருதான்டா!" என்பான். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்குப் போடும் பதிவு. அரைப் பேர் என்றால் முழுநாள் முறிந்தாலும் பாதிக் கூலி. நான் சின்னவனாக இருக்கும்போது தாத்தாவே அவனை எனக்கு நடித்துக் காட்டுவார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மூக்கால் கத்திக்கொண்டு. எனக்குக் கிடைத்த முதல் நாடகப் பயிற்சி அதுதான்.

பிறகு அந்த வேசம் என்னுடையதாகிவிட்டது. கலியாண வீடுகளில், கோயில் திருவிழா முடிந்த பந்திகளில், "எங்கை, கங்காணியை ஒருக்கா இறக்கிவிடு பாப்பம்," என்று கேட்பார்கள். நான் துவாயைச் சுருட்டி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எழும்புவேன். தாத்தா முன்வரிசைக் கதிரையில் இருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். சிரித்து முடிந்ததும் ஒருதரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் அதைக் கவனித்திருக்கிறேன். கொசு கடிக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் மலையின் அடியில்

குளக்கட்டின் முடிவில் சாந்தி நின்றாள். பக்கத்தில், குளத்தில் வலை போடுகிற தவமண்ணை, ஈரச் சாரத்தோடு. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"நில்! பலகைக்கு அங்காலை காலை வைக்காதை!"

"ஆள் எங்கையண்ணை?"

அவர் மோவாயால் காட்டினார்.

சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் பற்றைக்காடு. அதற்குள், கூப்பிடு தூரத்தில், உரப்பைக் குல்லா ஒன்று மெல்ல அசைந்தது. கீழே இரண்டு மெலிந்த கெண்டைக்கால்கள். செருப்பில்லாத பாதங்கள்.

அவர் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

பலகைக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி உள்ளுக்கு ஒரு நேர்கோடு. கரம்பை, ஈச்சை, பெயர் தெரியாத முள்ளுப் பற்றை எல்லாம் இடுப்பளவில், ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டு நின்றன. வெட்டின பச்சை வாசம் வெயிலில் எழும்பியது. ஒரு பற்றை முடிந்ததும் ஒரு அடி வைப்பார். அடுத்த பற்றை. 

"கூப்பிட்டனீங்களோ?"

"கூப்பிட்டுத் தொண்டை போட்டுது. எங்களைக் கண்டு பயப்பிடுறார் தம்பி. கூப்பிடக் கூப்பிட உள்ளுக்கை போறார்."

"வெடி எடுக்கிறவங்களுக்கு?"

"அடிச்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை. வாறம் எண்டவங்கள்."

நான் வாயில் கையைக் குவித்தேன். "தாத்தா! நான்தான்! வாங்கோ, வீட்டை போவம்!"

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கலவரக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கோட்டை விட்டு, பக்கவாட்டில், பற்றைக்குப் பின்னால் ஒளிய ஒரு காலைத் தூக்கினார்.

சாந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதேங்கோ! பக்கத்திலை காலை வைக்கிறார்!"

கால் இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. நீர்க்காகம் ஒன்று குளத்திலிருந்து எழும்பிப் போனது. தவமண்ணை முணுமுணுவென்று ஏதோ தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு நிரை நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை. தன் நிரையில் போய், தன் நிரையில்தான் திரும்பவேண்டும். அடுத்தவன் நிரையில் கால் வைத்தால் கங்காணி தோலை உரிப்பான். தாத்தா உள்ளே போன நிரை கண்ணுக்கு முன்னால் வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதில் அவர் மிதித்த இடமெல்லாம் மிதித்தும் உயிரோடு இருக்கிறார். அதாலேயே திரும்பினால் போதும்.

பேரன் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். அவருக்குப் பேரனைத் தெரியவில்லை. யார் கூப்பிட்டால் வருவார் என்று எனக்குத் தெரியும்.

எத்தனையோ மேடையில் போட்ட வேசம். அன்றைக்கு அப்படியில்லை. என்னைத் தூக்கி வளர்த்த மனிதரைப் பெயர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிடவேண்டும். நான் வயிற்றைத் தள்ளினேன். மூக்கால் மூச்சை இழுத்தேன்.

"ராமையா! எவன்டா அது நெரைய விட்டு எறங்குனது?"

உரப்பை அப்படியே நின்றது.

"கத்திய கீழ போடுடா! நெரைக்கு ஏறு! வந்த வழியாவே வா! அங்கிட்டு இங்கிட்டு கால வெச்சே, அரைப் பேருகூட கெடையாது!"

கத்தி கீழே விழுந்தது. தாத்தா தலையிலிருந்த உரப்பையை அவசரமாக எடுத்துக் கக்கத்தில் வைத்தார். முதுகு கூனிப்போயிற்று. கம்பு மாதிரி இருந்த அந்த முதுகு அப்படிக் கூனி நான் ஒருநாளும் கண்டதில்லை.

"வந்துட்டேன் சாமி," என்றார்.

பக்கவாட்டில் வைத்த காலை மெல்ல எடுத்து நிரைக்குள் வைத்தார். திரும்பி வரத் தொடங்கினார். ஒரு பற்றை. இன்னொரு பற்றை. நடுவில் அவரே வெட்டிப்போட்ட கொப்பு ஒன்று முள்ளோடு குறுக்கே கிடந்தது. வெறுங்கால். அவர் தயங்கி, சுற்றிப் போகப் பார்த்தார்.

"சுத்திப் போகாத! மிதிச்சிட்டு வாடா, நாயே!"

சாந்தி காதைப் பொத்திக்கொண்டாள். தாத்தா முள்ளை மிதித்துக்கொண்டு வந்தார்.

பலகைக்கு இந்தப் பக்கம் அவர் கால் பட்டதும் நான் இழுத்துக் கட்டிப்பிடித்தேன். இந்தத் தடவை சரியான ஆளை.  அவருடைய சாரம் நனைந்திருந்தது. உண்மையைச் சொன்னால் என் காற்சட்டையும்தான். என் பிடியிலிருந்து விலகி, இரண்டு கையையும் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்க கங்காணி ஐயா. பேரப்புள்ளைக்குக் காய்ச்சலுங்க. அதான் பெரட்டுக்குப் பிந்திட்டேன்."

அவருக்கு இருக்கும் பேரப்பிள்ளை நான் ஒருவன்தான்.

பிறகு அந்த மூலையைத் துப்புரவாக்கியவர்கள், தாத்தாவின் நிரைக்குப் பக்கத்தில் ஒன்றைத் தோண்டி எடுத்ததாகத் தவமண்ணை சொன்னார். எவ்வளவு பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்ல வாயெடுத்தபோதும் பால் பொங்குகிறது என்று கடைக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில்

தாத்தா இன்னும் கொஞ்சக் காலம் இருந்தார். காலில் ஏறின முள்ளுகளைச் சாந்தி ஊசியால் எடுத்தாள். காயம் ஆறியது. நான்தான் ஆறவில்லை. நான் அவருக்குக் கங்காணியாகவே நின்றுவிட்டேன்.

நான் அறைக்குள் போனால் கதிரையிலிருந்து எழும்பி நிற்பார். துவாயை எடுத்துக் கக்கத்தில் வைப்பார். என் குரல் முற்றத்தில் கேட்டாலே குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். வேசத்தைக் கலைக்க எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். மீசையை வழித்தேன். குரலை மாற்றிக் கதைத்தேன். பழைய பகிடிகளைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்கய்யா" என்றார்.

கடைசியில் நான் வீட்டுக்குள் கதைப்பதையே நிறுத்தினேன். இது சாதாரண விசயமில்லை என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பின்னேரங்களில் அறை யன்னலுக்கு வெளியே, அவர் கண்ணில் படாமல், குந்திக்கொண்டு இருப்பேன். உள்ளே சாந்தி அவருக்குச் சோறு ஊட்டுவாள்.

"எம்பேரன் எங்கம்மா?"

"கடையிலை தாத்தா. வந்திடுவார்."

"கங்காணி போனப்பறம் வரச் சொல்லு. அவன் வாய் துடுக்கு. ஏதாச்சும் சொல்லி வெச்சிருவான்."

யன்னலுக்கு வெளியே நான் என் வாயை என் கையாலேயே பொத்திக்கொள்வேன்.

கடைசி நாட்களில் அவரால் எழும்ப முடியவில்லை. ஒரு மத்தியானம் சாந்தி கிணற்றடிக்குப் போயிருந்தாள். பின்கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டில் ஓரத்தில், சத்தமில்லாமல் இருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

துவாயைத் தேடுவார் என்று பார்த்தேன். தேடவில்லை. கும்பிடவில்லை. என்னை நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய முகத்தை அப்படிப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுவிட்டார் என்று நினைத்து, குனிந்து, "தாத்தா" என்றேன்.

அவர் சொன்னார்:

"ஒம் பெரட்டுக்கு நான் இனிமே வரமாட்டேன். எம்பேரன் வந்துக்கிட்டு இருக்கான். நீ வெளிய போ."